பண்டத்துக்கேற்ற பாத்திரம்

புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கலாகாது என்பது சமையலறை அறிந்தவர் அனைவருக்கும் தெரிந்த விஷயம். பண்டம் நல்லதாயினும், பாத்திரம் தவறினால் கெட்டுவிடும். படங்களுக்கும் இது பொருந்தும். செல்போன் வந்த பிறகு படம் எடுக்காதவர் அரிது. எடுத்த படத்தை எந்த வடிவத்தில் வைப்பது என்று சிந்திப்பவர் அதைவிட அரிது. கோப்பின் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஜேபெக், பி.என்.ஜி. என்ற எழுத்துக்கள் வெறும் அலங்காரம் அல்ல. படம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதை அவை சொல்லுகின்றன.

ஜேபெக் 1992-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, மனிதக் கண் எளிதில் கவனியாத நுட்பங்களை நீக்கிவிடுகிறது. முகம், வயல், வானம் போல் நிறம் மெல்ல மெல்ல மாறும் காட்சிகளில் இந்த நீக்கம் தெரிவதில்லை. இடமும் பெருமளவு மிச்சமாகிறது. ஆகவே புகைப்படத்துக்கு ஜேபெக் ஏற்றதே. ஆனால் நீக்கியது திரும்பி வராது. படத்தைத் திருத்தி மறுபடி மறுபடி சேமித்தால், ஒவ்வொரு முறையும் மேலும் கொஞ்சம் போய்விடும்.

கல்யாணப் பத்திரிகை, கணக்கு அட்டவணை, வரைபடம் ஆகியவற்றின் கதை வேறு. கறுப்பும் வெளுப்பும் சட்டென்று சந்திக்கும் இடங்களில் ஜேபெக் தடுமாறும். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் தோன்றும். இவற்றுக்குரியது பி.என்.ஜி. அது பிறந்த விதமே சுவையானது. 1987-ல் வெளிவந்த ஜி.ஐ.எஃப். வடிவத்தில் ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தாம். அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை உண்டென்று 1994-ன் இறுதியில் கட்டணம் கேட்கப்பட்டது. மனம் கசந்த கம்ப்யூட்டர் நிபுணர்கள் ஒன்றுகூடி, யாவருக்கும் இலவசமான பி.என்.ஜி.யை 1996-ல் உருவாக்கி முடித்தார்கள். இதில் ஒரு புள்ளியும் இழக்கப்படுவதில்லை; ஆனால் புகைப்படத்தை இதில் வைத்தால் கோப்பு பல மடங்கு பருத்துவிடும். கடைச் சின்னம் போன்ற கோட்டுச் சித்திரங்களுக்கு எஸ்.வி.ஜி. சிறந்தது. அது கோடுகளைக் கணக்காகவே வைத்திருப்பதால், விசிட்டிங் கார்டிலும் பெரிய விளம்பரப் பலகையிலும் ஒரே தெளிவாக இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, அசலைத் தொடாமல் வைப்பது. பழைய நூல்களையும் சுவடிகளையும் படமெடுக்கும் நூலகங்கள், இழப்பில்லாத டிஃப் வடிவத்தில் அசலைப் பத்திரப்படுத்தி, பார்வைக்கு மட்டும் சிறிய பிரதி எடுக்கின்றன. இந்த வழக்கம் வீடுகளுக்கும் வர வேண்டும். விண்ணப்பத்துக்காகப் படத்தைச் சுருக்குவது தவறல்ல. சுருக்கிய பிரதியை அசலின் மேலேயே சேமிப்பதுதான் தவறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். ஸ்டூடியோக்காரர்களும் சுருங்கிய பிரதியோடு நில்லாமல், முழு அளவுக் கோப்பையும் கேளாமலே கொடுப்பது தொழில் தர்மம்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று கேட்பவர் உண்டு. வீட்டுப் பெரியவர் காலமானபின் மாலையிட்டு மாட்டப் படத்தைப் பெரிதாக்கும் நாளில் அதற்கு விடை கிடைக்கும். பலமுறை கைமாறிச் சுருங்கிய படம் ஒன்றே மிஞ்சியிருந்தால், முகம் சதுரம் சதுரமாகச் சிதறித் தெரியும். விடுபட்ட இடத்தை ஊகித்து நிரப்பும் கருவிகள் இன்று வந்துவிட்டன என்பது மெய்தான். ஆனால் அவை தருவது அந்தப் பெரியவரின் முகம் அல்ல. அதைப் போன்ற வேறொரு முகம்.