இயந்திரத்துக்குப் பொய் தெரியாதாம்!

'ஆய்வுக்கூட அறிக்கையே இறுதித் தீர்ப்பு, இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதற்குமேல் டாக்டரின் ஊகத்துக்கு வேலையில்லை' என்று ஞாயிறு மலரில் முழங்கியிருக்கிறார் ஈப்போ அன்பர் ஒருவர். ஈப்போவின் சிலிபின் பகுதியில் நாலு பேர் அதைக் கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொண்டு திரிவதால்தான் இந்தப் பதில்; இல்லையென்றால் பழைய பேப்பர்காரனே போதும்.

ஈப்போவில் இருந்துகொண்டு இதை எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும், அல்லது அசாத்திய மறதி. 1998 செப்டம்பரில் இவ்வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியபோது, சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. அதை நம்பிக் கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிகளோ நெகிரி செம்பிலானுக்கு லாரி ஏறின. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்தது. தொற்று அடங்குவதற்குள் 105 உயிர்கள். இயந்திரம் பொய் சொல்லவில்லைதான். கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

அது வைரஸ், நான் பேசியது பாக்டீரியா என்று அன்பர் நழுவுவார். சரி, பாக்டீரியாவுக்கே வருவோம். தனியார் கூடம் ஒரு மணி நேரத்தில் டைபாய்டு முடிவு தருகிறதாம், அரசு மருத்துவமனை நாள்கணக்கில் இழுத்தடிப்பது சோம்பேறித்தனமாம். ஐயா, அந்த ஒரு மணி நேர முடிவைத் தரும், 1896-இல் பிறந்த விடால் சோதனை கிருமியைப் பார்ப்பதே இல்லை. உடம்பு எப்போதோ செய்துவைத்த எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. பழைய தொற்றும் தடுப்பூசியும் கிருமியின் பங்காளிகளும்கூட அதில் பாசிட்டிவ் காட்டும். அரசு மருத்துவமனை செய்யும் வளர்ப்புச் சோதனையிலோ கிருமியே வளர்ந்து வந்து முகம் காட்ட வேண்டும். ஓவர்டைம் கொடுத்தா அதை வளர்ப்பது?

அடுத்த முத்து: வளர்ப்பில் ஒன்றும் வராதபோதும் ஆன்டிபயாட்டிக் ஏற்றும் டாக்டர் கமிஷன் வாங்குகிறாராம். ஒரு வெள்ளிச் சீட்டில் பார்க்கும் அரசு டாக்டருக்கு எந்தக் கமிஷன்? சேற்றில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி, வளர்ப்புச் சோதனையில் நூறு நோயாளிகளில் ஏறத்தாழ அறுபது பேரிடம்தான் சிக்குகிறது. சிக்கியதையும் அனுபவமில்லாத கண் வெறும் அசுத்தம் என்று ஒதுக்கிவிடலாம். 2010-இல் பகாங் லுபுக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்நோய் பரவி 8 பேர் இறந்தார்கள். சிலருக்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் சேர்ந்திருந்தது. அங்கே அறிக்கைக்காகக் கைகட்டி நின்றிருக்க வேண்டும் என்கிறாரா அன்பர்?

இத்தனைக்கும் பிறகு, கடைசிப் பத்தியில் அவரே 'இரண்டு கூடங்களில் சோதித்துக்கொள்வது உத்தமம்' என்கிறார். பொய்யே தெரியாத இயந்திரத்துக்கு இரண்டாம் சாட்சி எதற்கு? விடை கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டிக் கிடக்கிறது: முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ், சலுகை விலையில், தொடர்புக்கு, சாட்சாத் அன்பரே.

பர்சில் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட்டு இதைச் செய்யுங்கள். காய்ச்சலோடு போனால், ரப்பர் தோட்டத்துச் சேற்றில் இறங்கினீர்களா, வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவினீர்களா, மருந்துக்கடை மாத்திரையை ஏற்கெனவே விழுங்கினீர்களா என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சலின் எதிர்ப்பொருள் முதல் வாரத்தில் பெரும்பாலும் அகப்படாது. இரண்டு வாரம் கழித்து மறு ரத்தம் கேட்டால், போய்க் கொடுங்கள்.