பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்



காற்பந்து என்றதும் நமக்கு உருண்டைப் பந்துதான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியர்களுக்கோ சொந்தமாகவே ஒரு காற்பந்து உண்டு. பந்தும் முட்டை வடிவம், திடலும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், எம்பிக் குதித்துக் கையாலும் பிடிக்கலாம்.

1930களில் அந்த ஆட்டத்தில் கலக்கியவர் டக் நிக்கல்ஸ். உயரம் சுமார் 158 சென்டிமீட்டர்தான். ஆனால் ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது.

1906இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மர்ரே ஆற்றங்கரையில் இருந்த கம்மரகன்ஜா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, கண்ணெதிரே போலீஸ் வந்து அவருடைய அக்காவைக் கொண்டுபோனது. பூர்வகுடிப் பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் விடுதிக்கு! அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

இளைஞரானதும் மெல்பர்னுக்கு வந்து, புகழ்பெற்ற கார்ல்டன் குழுவில் சேர முயன்றார். அவர் உடம்பில் வாடை வீசுகிறது என்று சக ஆட்டக்காரர்கள் முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். இடம் கிடைக்கவில்லை. திறமையில் குறையில்லை, தோலின் நிறம்தான் பிரச்சினை.

மனம் தளராமல் 1927இல் நார்த்கோட் குழுவில் சேர்ந்தார். அங்கே பெயர் வாங்கி, 1932இல் பெரிய லீக்கில் ஆடும் ஃபிட்ஸ்ராய் குழுவுக்குப் போனார். பழைய காயம் ஆறியிருக்குமா? உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாகவே இருந்தார்.

அப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நட்புப் பாராட்டினார் ஒருவர். அவர் ஹேடன் பன்டன். முந்தைய ஆண்டுதான் லீக்கின் மிக உயரிய பிரௌன்லோ பதக்கத்தை வென்ற நட்சத்திரம்! குழுவின் பெரிய ஆளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தபின் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க முடியுமா?

ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடினார் நிக்கல்ஸ். 1935இல் விக்டோரியா மாநிலக் குழுவிலும் இடம்பிடித்தார்.

ஆட்டத்தோடு அவர் கதை முடியவில்லை. பாதிரியாராகி, ஃபிட்ஸ்ராய் வட்டாரத்தில் ஆதரவில்லாத பூர்வகுடி மக்களுக்குத் துணையாக நின்றார். பூர்வகுடியினரின் உரிமைக்கு வழிவிட்ட 1967 பொது வாக்கெடுப்புக்காகவும் பாடுபட்டார். அதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தார்கள்.

1972இல் சர் பட்டம். 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர் பதவி. இரண்டையும் பெற்ற முதல் பூர்வகுடியினர் அவர்தான். உடல்நலம் குன்றியதால் சில மாதங்களிலேயே பதவி விலகினார். 1988இல் காலமானார். இன்று ஆண்டுதோறும் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கில் ஒரு சுற்று அவர் பெயரில் நடக்கிறது. அந்தச் சுற்றில் கார்ல்டனும் ஆடுகிறது!

நிக்கல்ஸ் உயர்ந்தது அவருடைய உழைப்பால்தான். ஆனாலும் அந்த மூலை எனக்கு மறக்கவில்லை. பன்டன் மேடை ஏறிப் பேசவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

உங்கள் அலுவலகக் கேன்டீனிலும் தனியாகச் சாப்பிடும் ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவராக இருக்கலாம், வேறு மொழி பேசுபவராக இருக்கலாம். நாளைக்கு உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போய்ப் பாருங்களேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்!