ஏப்ரல் 14: மாநகராட்சி மறந்த பெயர்கள்

ஏப்ரல் 14 என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு இரண்டு விசேஷங்கள் நினைவுக்கு வரும். ஒன்று சித்திரை முதல் நாள். மற்றொன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஒரு தெருவில் மாக்கோலம், அடுத்த தெருவில் நீலக்கொடி என்று அன்று முழுவதும் கலகலப்பாக இருக்கும்.

அதே நாளில் பைகுல்லாவில் தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் மூன்றாவதாக ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. சீருடை அணிந்த வீரர்கள் வரிசையாக நிற்பார்கள். நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கப்படும். நாடு முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுவதற்குக் காரணமே பம்பாயில் நடந்த ஒரு விபத்துதான் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். விக்டோரியா டாக்கில் 'போர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிமருந்து. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில். வெடிமருந்தையும் பஞ்சையும் ஒன்றாக அடுக்கியவர்களை என்னவென்று சொல்வது! பிற்பகலில் புகை கிளம்பியது. தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. 4 மணி 6 நிமிஷத்துக்கு முதல் வெடிப்பு. அரைமணி நேரம் கழித்து, அதைவிடப் பெரியதாக இரண்டாவது. சிம்லாவில் இருந்த நில அதிர்ச்சிக் கருவியிலேகூட அது பதிவாயிற்று. துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் தீப்பிடித்து எரிந்தன. எண்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். இடிபாடுகளை அகற்ற ஏழு மாதம் பிடித்தது.

செத்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குத்தான் இன்றுவரை சரியான பதில் இல்லை. 800 என்பார் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் என்று கணக்கு இருக்கிறது.

கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. வெடிப்பில் அவை நாலா பக்கமும் சிதறின. ஒரு மைலுக்கு அப்பால் ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு ஒரு கட்டி விழுந்த கதை பிரசித்தம். அவர் அதை நேர்மையாக ஒப்படைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்துத் துறைமுகத்தில் சேறு வாரியபோது கிடைத்த கட்டிகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தங்கத்தைக் கடலில் போட்டும் எண்ணி எடுத்திருக்கிறார்கள். மனிதர்கள் விஷயத்தில் 800க்கும் 1,300க்கும் இடையே ஐந்நூறு உயிர்கள் கணக்கில் வராமல் நிற்கின்றன.

யாருக்குக் கல், யாருக்கு இல்லை?

பம்பாய் தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. வீரர்களின் பெயர், தகப்பன் பெயர், நம்பர், சம்பளம் எல்லாம் மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தன. ஆகவே அவர்களை நினைவுகூர முடிந்தது. தீயை நோக்கி ஓடிய அந்த வீரர்களுக்கு எத்தனை மலர் வளையம் வைத்தாலும் தகும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

துறைமுகமோ வேறு நிர்வாகம். போர்ட் டிரஸ்டின் இடம். அங்கே மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மேஸ்திரி காலையில் ஆள் பிடிப்பார், மாலையில் காசு கொடுப்பார். துறைமுகத் தொழிலாளரைப் பதிவுசெய்து வேலை தரவேண்டும் என்ற சட்டமே 1948இல்தான் வந்தது. விபத்து நடந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால். மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவன் இறந்தான் என்று எந்த ஆபீஸில் எழுதுவார்கள்? வேறு ஜில்லாவிலிருந்து, வேறு மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவன் அவன். ஊரில் இருந்த அவன் பெண்டாட்டிக்கு மாதாமாதம் வந்த மணியார்டர் நின்றுபோனதே தந்தியாக இருந்திருக்கும். போர்க்காலமானதால் தணிக்கை வேறு. வெடிப்பைப்பற்றிப் பத்திரிகைகளில் முழுமையாக எழுதவே சில வாரங்கள் ஆயின.

இது துறைமுகத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஏப்ரல் 16 ரயில்வேக்காரர்களின் நாள். 1853இல் அன்றுதான் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் ஓடியது. 14 பெட்டிகள், 400 விருந்தினர்கள், 21 பீரங்கி மரியாதை. இழுத்த மூன்று எஞ்சின்களின் பெயர்கூட ரயில்வேயில் எல்லாருக்கும் மனப்பாடம்: சாகிப், சிந்து, சுல்தான். அடுத்த பத்தாண்டில் போர் காட் மலையைக் குடைந்து பாதை போட்டபோது காலராவிலும் பாறைச் சரிவிலும் மடிந்த கூலிகள் பல்லாயிரம். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மன்றத்தில் விழா பிறக்கும் விதம்

மாநகராட்சி ஒரு நினைவு விழாவை எப்படித் திட்டமிடுகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகராட்சியின் கடமைகள் இரண்டு வகை. குடிநீர், சாக்கடை, குப்பை போன்றவை கட்டாயம். இன்னொரு வகை, செய்தாலும் செய்யலாம், செய்யாவிட்டால் யாரும் கேட்க முடியாது என்ற ரகம். விழா இந்த இரண்டாவது ரகத்தில் வருகிறது.

ஆகையால் யாராவது ஒரு உறுப்பினர் ஆரம்பிக்க வேண்டும். இன்ன தேதியில் இன்ன சம்பவத்துக்கு இத்தனையாவது ஆண்டு நிறைவு வருகிறது என்று தீர்மான நோட்டீஸ் கொடுப்பார். மன்றம் அதை ஏற்றால் கமிஷனரின் கருத்துக்குப் போகும். கமிஷனர் இலாகாவுக்கு அனுப்புவார். இலாகா, பணம் எந்தத் தலைப்பில் என்று கேட்கும். பிறகு நிலைக்குழு. அதற்குள் தேதி நெருங்கிவிடும். முகூர்த்தத்தன்று காலையில் பந்தல்கால் நடுகிற கதைதான். வார்டு ஆபீஸிலிருந்து நாலு பேர் வந்து சுண்ணாம்பு அடிப்பார்கள். நடைபாதைக் கடைகளை இரண்டு நாளைக்கு ஒதுக்குவார்கள். மாலை, மைக், நாற்காலி. மறுநாள் கடைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பெரும்பாலான தீர்மானங்கள் எதில் முடிகின்றன? சிலையில், சதுக்கத்தில், தெருப் பெயரில். பொதுச் சாலைகளில் சிலை வைக்க அனுமதிக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2013இல் கட்டளையிட்டபின், சிலையில் கொஞ்சம் தயக்கம் வந்தது. பெயர்ப்பலகைக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

உறுப்பினரே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் நெடுநாள் தேர்தல் நடக்கவில்லை. கமிஷனரே நிர்வாக அதிகாரியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். துறைமுக வெடிப்பின் 80ஆம் ஆண்டு நிறைவு 2024இல் வந்தபோது, நோட்டீஸ் கொடுக்க மன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை. 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது.

இப்போது 227 பேர் இருக்கிறார்கள். நூற்றாண்டு 2044இல் வருகிறது. இருபது ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாம். தூண் கட்டுவதானால் அவசரம் இல்லைதான். கேட்கவேண்டியது தூண் அல்ல, பெயர்ப் பட்டியல். அதற்கு இருபது ஆண்டு அதிகமும் இல்லை.

பட்டியலுக்கு எங்கே போவது என்று மாநகராட்சி கையை விரிக்க முடியாது. இந்த நகரத்தில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்கிறவர்களே அவர்கள்தானே! 1944 ஏப்ரல், மே மாத மரணப் பதிவேடுகளைத் தேட வேண்டியது மாநகராட்சியின் சுகாதார இலாகாவில்தான். துறைமுகத்தை ஒட்டிய பி வார்டு, ஈ வார்டுப் பதிவுகளைப் புரட்டினாலே பாதி வேலை முடியும். சுடுகாடு, இடுகாட்டுப் பதிவுகள் உண்டு. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்கள் உண்டு. வெடிப்பில் சேதமடைந்தவர்களுக்கு நஷ்டஈடு தர 1944லேயே அரசு தனிச் சட்டம் போட்டது. அந்த மனுக்களில் எத்தனை விதவைகளின் கைநாட்டு இருக்கும்! எந்தக் காகிதமும் கரையானுக்கு முன்னால் நூற்றாண்டு வரை காத்திருக்காது. வேலையை இன்று தொடங்கவேண்டும் என்பது அதனால்தான்.

பெயர் சேர்ப்பது நடக்காத காரியமும் அல்ல. புளோரா பவுண்டன் அருகே உள்ள ஹுதாத்மா சவுக்கைப் பாருங்கள். சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்கள் 105 என்று முதலில் சொன்னார்கள். பிறகு 106, அதன்பிறகு 107 என்று ஆயிற்று. யாரோ தேடியிருக்கிறார்கள், விட்டுப்போனவரைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெயர்களுக்குக் காட்டிய அக்கறையை இந்தக் கூலிகளுக்கும் காட்டச் சொல்வதில் என்ன தவறு?

குழாயில் தண்ணீர் வரவில்லை, கக்கூஸுக்குக் கியூ நிற்கிறது, இதில் 1944 கணக்கு எதற்கு என்று தாராவிவாசி ஒருவர் கேட்டால் அவர்மேல் கோபப்பட முடியாது. தண்ணீர் பணத்தை எடுத்து விழா நடத்தச் சொன்னால் அது அநியாயம். ஆனால் இதற்கு ஆகிற செலவு, நான்கு குமாஸ்தாக்களின் ஓராண்டு உழைப்பு. மராத்தி, உருது, குஜராத்தி, இங்கிலீஷ் கையெழுத்துக்களைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் கிடைக்காமலா போவார்கள்? மலர் வளையத்துக்கும் மைக்குக்கும் வருஷாவருஷம் ஆகிற தொகையில் ஒரு பகுதி போதும்.

தமிழர்கள் வாழும் வார்டுகளிலிருந்து சென்ற உறுப்பினர்கள் இதற்கு நோட்டீஸ் கொடுக்கலாம். இறந்தவர்களில் தமிழர் இருந்தார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியல் வந்தால்தான் அதுவும் தெரியும். வரும் ஏப்ரல் 14 அன்று சித்திரைப் பூஜை முடிந்து, அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டபின், மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகத்தின் பக்கம் நடந்து பார்க்கலாம். லாரிகள் வரிசையாக நிற்கும். மூட்டை தூக்குகிறவர்கள் அன்றும் வேலையில்தான் இருப்பார்கள்.