காசு அள்ளிய படமே கடைசி இடத்தில்! பாண்ட் ரசிகர்கள் சண்டையில் அமேசான் கவனிக்க வேண்டியது என்ன?

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்கள் நாலு பேரை ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டு, 'எது பெஸ்ட், எது மொக்கை?' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். அப்புறம் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். காலையில் பார்த்தால் முந்நூறு மெசேஜ் குவிந்திருக்கும். ரெண்டு பேர் குரூப்பை விட்டே போயிருப்பார்கள்.

1962-ல் 'டாக்டர் நோ'வில் தொடங்கி 2021-ல் 'நோ டைம் டு டை' வரை மொத்தம் 25 படங்கள், ஆறு ஹீரோக்கள். இது இயான் நிறுவனம் எடுத்த படங்களின் கணக்கு. 1983-ல் வேறு தயாரிப்பில் ஷான் கானரி நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' இதில் வராது. அதைச் சேர்க்கலாமா கூடாதா என்பதே தனிப் பஞ்சாயத்து!

'பழைய படங்களைப் பற்றி இப்போ எதுக்கு பாஸ் சண்டை?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் கடிவாளம் கைமாறியது. அதுவரை பாண்ட் எப்படி இருக்க வேண்டும், எப்போது வர வேண்டும், யார் நடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது ஒரே குடும்பம். தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கோலி, அவருக்குப் பிறகு மகள் பார்பரா பிராக்கோலி, வளர்ப்பு மகன் மைக்கேல் ஜி. வில்சன். எம்ஜிஎம் நிறுவனத்தை 8.45 பில்லியன் டாலர் கொடுத்து அமேசான் வாங்கியபோதுகூட படைப்பு சார்ந்த முடிவுகள் குடும்பத்தின் கையில்தான் இருந்தன. இப்போது அந்த அதிகாரமும் அமேசானிடம் போய்விட்டது. அடுத்த படத்துக்கு டைரக்டர் 'டூன்' எடுத்த டெனி வில்நெவ். எழுதுபவர் 'பீக்கி பிளைண்டர்ஸ்' ஸ்டீவன் நைட்.

ஆக, 'நல்ல பாண்ட் படம் என்றால் என்ன?' என்ற கேள்வி இப்போது ஒரு டெக் கம்பெனியின் மீட்டிங் அறையில் இருக்கிறது. அதனால்தான் ரசிகர்களின் லிஸ்ட்டை கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு விசித்திரம் உண்டு.

வசூலில் முதலிடம், லிஸ்ட்டில் கடைசியிடம்

1977-ல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்ட் மி' படத்தின் கடைசி டைட்டிலில், அடுத்து வரப்போவது 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று போட்டிருப்பார்கள். ஆனால் அதே வருடம் 'ஸ்டார் வார்ஸ்' வந்து உலகத்தையே புரட்டிப் போட்டது. 'விண்வெளிதான் ஓடுதா? அப்போ பாண்டையும் மேலே அனுப்பு' என்று பிளானை மாற்றி 1979-ல் 'மூன்ரேக்கர்' எடுத்தார்கள். லேசர் துப்பாக்கிச் சண்டை, புறாகூடத் திரும்பிப் பார்க்கும் வெனிஸ் படகு காமெடி எல்லாம் உண்டு. உலகம் முழுக்க சுமார் 210 மில்லியன் டாலர் வசூல். 1995-ல் 'கோல்டன்ஐ' வரும்வரை அந்த ரெக்கார்டை எந்த பாண்ட் படமும் தொடவில்லை. இன்றைக்கு எந்த ரசிகர் லிஸ்ட்டை எடுத்தாலும், 'மூன்ரேக்கர்' இருக்குமிடம் பெரும்பாலும் கீழேதான்.

2002-ன் 'டை அனதர் டே' கதையும் அதேதான். கண்ணுக்கே தெரியாத கார், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சுனாமி அலை மேல் பியர்ஸ் பிராஸ்னன் சறுக்கி வரும் காட்சி... யூடியூபில் தேடிப் பாருங்கள், அந்த அலையைப் பார்த்தால் பழைய வீடியோ கேம் ஞாபகம் வரும். வசூல்? 430 மில்லியன் டாலருக்கு மேல். பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே அதுதான் அதிகம்.

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். 1969-ல் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. கானரி விலகியதால், நடிப்பு அனுபவமே இல்லாத ஆஸ்திரேலிய மாடல் ஜார்ஜ் லேசன்பி பாண்ட் ஆனார். ஒரே படம், அதோடு சரி. முந்தைய கானரி படத்தைவிட வசூல் குறைவு. பாண்ட் நிஜமாகக் காதலித்துக் கல்யாணம் செய்கிறார். கல்யாணமான கொஞ்ச நேரத்திலேயே மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறார். படம் அங்கேயே முடிகிறது. 1969-ல் பாண்ட் படம் பார்க்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தயாரிப்பாளர்கள் அடுத்த படத்துக்கே கானரியைப் பெரிய சம்பளம் பேசிக் கூட்டிவந்து, ஜாலியான 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' எடுத்தார்கள்.

அந்த லேசன்பி படம் இன்று பல தீவிர ரசிகர்களின் டாப் 5-ல் இருக்கிறது. தன் ஃபேவரைட் பாண்ட் படம் அதுதான் என்று கிறிஸ்டோபர் நோலனே சொல்லியிருக்கிறார். 'இன்செப்ஷன்' படத்தின் பனிமலைச் சண்டையைப் பார்த்தாலே அது புரியும். டேனியல் கிரெய்கின் கடைசிப் படமான 'நோ டைம் டு டை'யும் 1969 படத்தின் பாட்டையும் பின்னணி இசையையும் எடுத்துப் பயன்படுத்தியது. தோற்ற படம் என்று ஒதுக்கப்பட்டதிடம் 52 வருடம் கழித்து கடன் வாங்கினார்கள்!

திமோதி டால்டன் நடித்த 'லைசென்ஸ் டு கில்' (1989) இன்னொரு உதாரணம். நண்பனுக்காகப் பழிவாங்கக் கிளம்பும், சிரிக்காத, கோபக்கார பாண்ட். அந்த சம்மரில் 'பேட்மேன்', 'இண்டியானா ஜோன்ஸ்' எல்லாம் வரிசை கட்டி நிற்க, அமெரிக்காவில் படம் அடிவாங்கியது. அடுத்து சட்டச் சிக்கல் வேறு வந்து ஆறு வருடம் பாண்டே இல்லை. இப்போது போட்டுப் பாருங்கள். கிரெய்க் செய்ததை டால்டன் 17 வருடம் முன்னாலேயே செய்துவிட்டார் என்று தோன்றும். எனக்கு அது பிராஸ்னனின் கடைசி மூன்று படங்களையும்விட மேல். அடிக்க வராதீங்க.

காசு வந்தாலே படம் மொக்கை என்று இதற்கு அர்த்தமில்லை. 'ஸ்கைஃபால்' (2012) நூறு கோடி டாலரைத் தாண்டிய முதல் பாண்ட் படம். லிஸ்ட்டிலும் மேலேதான் இருக்கிறது. விஷயம் வேறு. முதல் மாத வசூலும் முப்பது வருடம் கழித்து வரும் மதிப்பும் வேறு வேறு கணக்குகள்.

இதில்தான் 2002-க்குப் பிறகு நடந்தது முக்கியமாகிறது. 'டை அனதர் டே' காசு கொட்டியது. வேறு யாராக இருந்தாலும் அதே ஹீரோ, அதைவிடப் பெரிய அலை என்று போயிருப்பார்கள். பார்பராவும் வில்சனும் பிராஸ்னனுக்கு விடை கொடுத்தார்கள், மாயக் காரை மூட்டைகட்டினார்கள், நாலு வருடம் எடுத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து தொடங்கினார்கள். ஹீரோவாகக் கிரெய்கை அறிவித்தபோது, 'பாண்டுக்கு மஞ்சள் தலைமுடியா?' என்று ரசிகர்களே கொந்தளித்தார்கள். வந்தது 'கேசினோ ராயல்' (2006). கொந்தளித்தவர்களில் பலர் இப்போது அதை நம்பர் 1 என்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் படத்தை 'இது வேண்டாம்' என்று நிறுத்தும் தைரியம், வியூஸையும் சப்ஸ்கிரைபர்களையும் எண்ணும் ஒரு கம்பெனிக்கு வருமா? என் சந்தேகம் அதுதான். 2025 அக்டோபரில் பிரைம் வீடியோவில் பழைய பாண்ட் போஸ்டர்களின் கையில் இருந்த துப்பாக்கிகளை அழித்துவிட்டிருந்தார்கள். ரசிகர்கள் கழுவி ஊற்றியதும் அந்தப் படங்கள் மாற்றப்பட்டன. சின்ன விஷயம்தான். ஆனால் கொலை செய்ய லைசென்ஸ் வாங்கிய ஆளின் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஓர் அலுவலகத்தில் யாரோ ஓகே சொல்லியிருக்கிறார்கள் இல்லையா?

அதற்காகப் பழைய குடும்பத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். எழுத்தாளர்கள் ஸ்டிரைக் நேரத்தில் அரைகுறை ஸ்கிரிப்டோடு 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' எடுத்தது அவர்கள்தான். வில்லன் புளோஃபெல்டை பாண்டுக்கு அண்ணன் முறையாக்கி 'ஸ்பெக்டர்'ரில் சீரியல் டிவிஸ்ட் வைத்ததும் அவர்களே.

'ஆக்டோபஸி'யை எங்கே வைப்பீர்கள்?

நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் லிஸ்ட்டில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. 1983-ன் 'ஆக்டோபஸி'. உதய்ப்பூர் ஏரி அரண்மனை, ஆட்டோ சேஸிங், கூடவே நம்ம சென்னை டென்னிஸ் ஸ்டார் விஜய் அமிர்தராஜ். மகுடியில் பாண்ட் தீம் மியூசிக்கை வாசித்தபடி அறிமுகமாவார், ராக்கெட்டால் அடியாட்களை அடிப்பார். செம ஜாலி. அதே படத்தில்தான் நெருப்பு மேல் நடப்பவர், ஆணிப் படுக்கைச் சாமியார் என்று இந்தியாவையே ஒரு சர்க்கஸாகக் காட்டுகிறார்கள். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை ரோஜர் மூர் இந்திய சகாவிடம் கொடுத்து அடிக்கும் கறி ஜோக்கை இன்று கேட்டால் முகம் சுளிக்கும். ஜப்பானியராக வேஷம் போட்ட கானரியை (1967) அங்கே பார்ப்பவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும். 'கோல்ட்ஃபிங்கர்' (1964) பல லிஸ்ட்களில் முதலிடம்; அதில் மாட்டுக்கொட்டகையில் ஒரு பெண் வேண்டாம் என்று தள்ளத் தள்ள பாண்ட் விடாமல் நெருங்கும் காட்சியை இப்போது யாரும் ரொமான்ஸ் என்று சொல்ல மாட்டார்கள். லிஸ்ட் மாறுவதற்கு இதுவும் காரணம். படம் அப்படியேதான் இருக்கிறது, பார்க்கிற நாம் மாறிவிட்டோம்.

இதற்கெல்லாம் நடுவில், முதன்முதலில் பார்த்த பாண்ட்தான் பலருக்கும் பெஸ்ட். 'கோல்டன்ஐ' மேல் தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு இருக்கும் பாசத்தில் பாதிப் பங்கு, 1997-ல் வந்த நின்டெண்டோ கேமுக்குப் போக வேண்டும். உங்களில் பலருக்கு அது கிரெய்காக இருக்கலாம். அந்த பாண்ட் 2021-ல் ஏவுகணை மழையில் செத்தே போனார். அந்த முடிவுக்கும் ரசிகர்கள் இன்னும் இரண்டு கட்சிதான்.

செத்தவரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பது இனி வில்நெவின் தலைவலி. சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து 'டாக்டர் நோ'வில் தொடங்கி பாண்ட் படங்களாகப் பார்த்து வளர்ந்தவன் என்று தன்னைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவரிடமும் ஒரு லிஸ்ட் இருக்கும். அதில் 'மூன்ரேக்கர்' எத்தனையாவது இடம் என்று யாராவது பேட்டியில் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.