என்ஜினுக்குள் ஒரு டோல்கேட்

வடசென்னையில் திருவொற்றியூர் சாலையில் டோல்கேட் என்றோர் இடம் இருக்கிறது. போவோர் வருவோரிடம் சுங்கம் வாங்கிய காலத்தைப் பெயரே சொல்லுகிறது. சாவடி போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்து, 2021 முதல் மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் ஏறியிருக்கிறது. சாலையில் மறைந்த அந்தச் சுங்கச்சாவடி இப்பொழுது மீன்படகின் என்ஜினுக்குள் முளைத்து வருவதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

தெற்கே காசிமேடு முதல் வடக்கே எண்ணூர் வரை பைபர் படகுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கடலுக்குள் என்ஜின் நின்றால் அன்றைய பாடு போயிற்று. காற்றும் நீரோட்டமும் எதிராயிருந்தால் உயிருக்கும் உத்தரவாதமில்லை. பழைய ரக என்ஜினில் கோளாறு வந்தால் கரையிலுள்ள மெக்கானிக்கே போதும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார், கார்புரேட்டரைத் துடைப்பார், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பார். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் வல்லவர்களும் உண்டு. அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955-ல் என்ஃபீல்டு திருவொற்றியூரிலும் ஆலை கண்ட காலம் தொட்டு இயந்திரத்தோடு பழகிய பிரதேசம் இது. இங்கே கைத்திறனுக்குப் பஞ்சமில்லை.

புதிய அவுட்போர்டு என்ஜின்களின் சங்கதி வேறு. எவ்வளவு எரிபொருள் செலுத்துவது, எப்போது தீப்பொறி தருவது என்பனவற்றை ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. வெப்பம், எண்ணெய் அழுத்தம், உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம் இவற்றையெல்லாம் சென்சார்கள் அதற்கு அறிவிக்கின்றன. ஏதேனும் அளவு மீறினால், என்ஜின் கெட்டுப்போகாமலிருக்கப் பெட்டி தானே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நடந்ததைக் குறி எண்ணாகவும் பதிந்து வைக்கிறது. மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து, கம்பெனியின் பரிசோதனை மென்பொருளைத் திறந்தால், என்ஜின் எத்தனை மணி ஓடியது, எந்தக் கோளாறு எப்போது தோன்றியது என்பதெல்லாம் திரையில் தெரியும். யமஹா, சுசுகி, மெர்க்குரி ஆகிய ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி மென்பொருள். ஒன்றின் சாவி மற்றொன்றின் பூட்டுக்குச் சேராது.

இந்த முன்னேற்றத்தை நாம் குறை கூறவில்லை. அனாவசியமாக என்ஜினைப் பிரிப்பது இதனால் குறையும். ஆனால் மென்பொருளே மெக்கானிக் ஆகிவிடாது. எண்ணெய் அழுத்தம் தாழ்ந்தது என்று திரை சொன்னால், உண்மையில் எண்ணெய் குறைந்திருக்கலாம்; உப்புக்காற்றில் கப்ளரின் முனை பச்சை பூத்துச் செய்தி தவறாகப் போயிருக்கலாம். அதிக வெப்பம் என்று சொன்னால், நீர் ஏற்றும் ரப்பர் சக்கரம் தேய்ந்ததா, மணல் அடைத்ததா என்று கையால் பார்த்தே தீர வேண்டும். திரை இடத்தைக் காட்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது அனுபவம். ஆகவே இரண்டும் ஒரே கையில் சேர வேண்டும் என்கிறோம்.

அவ்வாறு சேராதபடி தடுப்பதுதான் புதிய டோல்கேட். முழு மென்பொருள் அங்கீகாரம் பெற்ற டீலர்களுக்கு மட்டும் என்றால், பணம் கொடுத்து என்ஜின் வாங்கியவன் அதன் நோயை அறிவதற்கு மறுபடி சுங்கம் கட்ட வேண்டும். டீலரின் ஆள் வரும்வரை படகு மணலில் கிடக்கும். கம்பெனியே என்ஜின் செய்வதை நிறுத்திவிட்டாலோ? 1909-ல் ஓலே எவின்ரூட் தொடங்கிய புகழ்பெற்ற அவுட்போர்டு வகையின் உற்பத்தி 2020-ல் நின்றுபோனதை உலகம் கண்டது. செய்தவர் விலகிய பின்னும் என்ஜின் ஓடத்தான் வேண்டும்.

பாதுகாப்பையும் புகைக் கட்டுப்பாட்டையும் முன்னிட்டே பூட்டி வைக்கிறோம் என்பது கம்பெனிகளின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. பெட்டியின் கட்டளைகளைக் கண்டபடி திருத்த எவரையும் அனுமதிக்கலாகாது. ஆனால் திருத்துவது வேறு, படிப்பது வேறு. நாடி பார்ப்பதற்கே தடை போடுவதை எந்தப் பாதுகாப்பின் பேரால் ஒப்புக்கொள்வது?

இது புதுமையான கோரிக்கையுமன்று. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது குறித்து, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்காடின. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மத்திய சர்க்காரும் 2022-ல் கமிட்டி அமைத்து, பழுது பார்க்கும் உரிமைக்கென இணையதளமும் திறந்தது. அதற்கு அடிப்படையாகக் குறித்த 4 துறைகள் விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்பவை. உழவனின் டிராக்டர் இடம்பெற்றது. மீனவனின் என்ஜினைப் பெயர் சொல்லி யாரும் சேர்க்கவில்லை.

சென்னைக் கரையில் இன்னும் எளிய ரக என்ஜின்கள் நிறைய உண்டே, இப்போதே இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம். மீனவர்கள் என்ஜின் வாங்குவதற்கு சர்க்கார் மானியம் அளித்து வருகிறது. பொதுப் பணத்தைக் கொடுக்கும்போதே நிபந்தனை விதிக்கலாம். மானியம் பெறும் எந்த என்ஜினுக்கும் குறி எண்களின் விளக்கம் தமிழில் தரப்பட வேண்டும். கோளாறுகளைப் படிக்கும் மென்பொருளும் கம்பியும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும். ராயபுரத்திலேயே மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. கரை மெக்கானிக்குகளுக்கு மாலை வேளைகளில் அங்கே குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். புதிய கட்டடமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை.

சாலையில் சுங்கம் வாங்கியவராவது சாலையைச் செப்பனிடுவதாகச் சொல்லிக்கொண்டார். தன் என்ஜினுக்குத் தானே வழி கேட்கும் மீனவனிடம் சுங்கம் வாங்குவதற்கு அந்தச் சமாதானமும் இல்லை. சர்க்கார் காலம் தாழ்த்தாமல் இந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும்.