நெப்போலியன் தந்தையின் நோய்

சரித்திர நாயகர்களின் பிணிகளை ஆராயப் புகுவோர், அவர்தம் உறவினரின் உடலை வேண்டும்போது சாட்சிக்கு அழைத்து, வேண்டாதபோது மறந்துவிடுகின்றனர். இது முறையன்று என்பது எமது கருத்து. நெப்போலியனுடைய தந்தையார் கார்லோ போனபார்ட்டின் செய்தியைக் கொண்டு இதனை விளக்க விழைகின்றோம்.

கார்லோ கார்சிக்கா தீவிலே வழக்கறிஞராயிருந்தவர். நெடுநாள் வயிற்றுப் பிணியால் நலிந்து, வைத்தியக் கல்விக்குப் பேர்போன மோன்பெலியே நகரத்தில் 1785-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி தமது 38-ஆம் வயதில் உயிர் நீத்தார். மூத்த மகன் ஜோசப் அருகிருந்தான்; நெப்போலியனோ பாரிஸ் இராணுவக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த பதினைந்து வயதுச் சிறுவன். வைத்தியர்கள் உடலை அறுத்துச் சோதித்து, இரைப்பையின் கீழ்வாயிலிற் கடினமான கட்டியொன்று இருந்ததெனக் குறித்தனர்.

அக்குறிப்பின் பயன் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. செயின்ட் ஹெலினாவிற் சிறையிருந்த நெப்போலியன், தந்தையின் நோயே தம்மையும் பற்றியதென அஞ்சி, தாம் இறந்தபின் இரைப்பையை நன்கு சோதித்து, கண்டதைத் தம் மகனுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். மகனுக்கு அப்பொழுது பத்தே வயது. சக்கரவர்த்தியின் ஆணைகள் பலவற்றினும் இவ்வொன்றே எம் நெஞ்சைத் தொடுகின்றது. 1821-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி அவர் இறந்தார். மறுநாட் சோதனையில் இரைப்பையிற் பெரும்புண் காணப்பட்டது.

இனி அரசியல் நுழைந்ததைக் காண்க. தீவின் காற்றும் நீரும் கல்லீரலைக் கெடுத்தன என்பது நெப்போலியன் பக்கத்தாரின் குறை. சோதனையின்போது உடனிருந்த ஷார்ட் என்னும் ஆங்கில வைத்தியர் கல்லீரல் பெருத்திருந்ததென எழுத, கவர்னர் ஹட்ஸன் லோ அதனை நீக்கச் செய்தார். தந்தைவழி வந்த புற்றுநோயென்றால் பழி தீவின்மேலும் இல்லை, காவலர்மேலும் இல்லை அன்றோ! மோன்பெலியேயில் இறந்தவர் இங்ஙனம் ஆங்கில அரசாங்கத்துக்கு நல்ல வக்கீலாய் அமைந்தார். தொழிலும் அதுவே.

1961-இல் ஸ்வீடன் தேசத்து போர்ஷுவுட் என்பார் பாஷாணக் கொலையென்னும் கொள்கையை வெளியிட்டபின், தந்தையார் பலராலும் மறக்கப்பட்டார். ஆயினும் 2008-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் நெப்போலியனது இளமைக் காலத்து மயிரையும், மனைவி ஜோஸபின், மகன் ஆகியோரது மயிரையும் சோதித்து, யாவற்றிலும் பாஷாணம் ஏறக்குறைய ஒரே அளவில் மிகுந்திருக்கக் கண்டனர். உறவினரை ஒப்புநோக்கியிராவிடில் இவ்வுண்மை புலப்பட்டிராது.

ஆயின், தந்தைக்கும் புற்றுநோயே என்று துணிந்துவிடலாமா? துணியோம். 1785-இல் வைத்தியர் வெறுங்கண்ணாற் கண்டது கடினத்தை மாத்திரமே. நாட்பட்ட புண்ணின் தழும்பும் அவ்விடத்தைக் கடினமாக்கும். 2007-இல் நெப்போலியனது சோதனைக் குறிப்புகளை மீண்டும் ஆய்ந்த நிபுணர் சிலர், அவருக்குப் புற்றுநோயே என ஒப்பினும், குலவழியைக் காட்டிலும் இரைப்பைக் கிருமியால் விளைந்த நாட்பட்ட அழற்சியையே காரணமாகக் கருதினர். அக்கிருமி 1982-இல்தான் கண்டறியப்பட்டது.

தந்தையின் விதி தன்னையும் தொடருமோ என்று எவர்க்காக அஞ்சினாரோ, அம்மகன் வயிற்று நோயால் மாளவில்லை. 1832-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி, வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையிலே, தமது இருபத்தோராம் வயதில் க்ஷயரோகத்தால் இறந்தார். அவர்க்கும் நஞ்சிட்டனர் என ஒரு வதந்தி எழுந்தது.