இங்கிலாந்தில் இலவசக் குழந்தைக் காப்பகம்: யாருக்கு உண்டு? யாருக்கு இல்லை?

வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? இங்கிலாந்து அரசாங்கம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 9 மாதம் முடிந்த குழந்தைக்கு, பள்ளியில் சேரும் வரை, வாரம் 30 மணி நேரக் காப்பகச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. 2025 செப்டம்பரில் இது முழு அமலுக்கு வந்தது.

யாருக்குக் கிடைக்கும்?

தாய், தகப்பன் இருவரும் வேலை பார்க்க வேண்டும். தாய் தனியாக இருந்தால் அவள் மட்டும் வேலை பார்த்தால் போதும். வாரம் 16 மணி நேர வேலைக்கு உரிய குறைந்தபட்சக் கூலியாவது ஒவ்வொருவரும் சம்பாதிக்க வேண்டும். யாருடைய ஆண்டு வருமானமும் 1 லட்சம் பவுண்டைத் தாண்டக் கூடாது.

இலவசம்தானா?

சலுகை ஆண்டுக்கு 38 வாரம்தான். வேலையோ வருடம் முழுவதும்! சாப்பாட்டுக்கும் காப்பகத்தார் தனியாகப் பணம் கேட்பது உண்டு.

பெரிய குறை

கணவனும் மனைவியும் ஆளுக்கு 90 ஆயிரம் பவுண்டு வாங்கும் வீட்டுக்கு 30 மணி நேரம் உண்டு. வேலை தேடி அலையும் ஏழைத் தாய்க்கு அது இல்லை. அவள் குழந்தைக்கு 3 வயது ஆனாலும் 15 மணி நேரம்தான்.

குழந்தையை விட இடம் இருந்தால்தானே வேலை தேட முடியும்? வேலை கிடைத்தால்தான் இடம் என்கிறது திட்டம். இந்த முடிச்சு அவிழ்ந்தால்தான் உதவி ஏழை வீட்டு வாசலை எட்டும்.